ஏரிக்கரையில் ஒரு கம்பம்

ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களைப் பிடிக்கிற வியாதிகளில் ஒன்று, எதைக் கண்டாலும் "இது அசலா, வேஷமா?" என்று கேட்பது. நாட்டுப்புற உடை அணிந்த பெண் ஒருத்தி எதிரே வந்தால், அந்த உடையின் அழகைப் பார்ப்பதற்கு முன்பே மனம் குடையத் தொடங்கிவிடும். 'இவள் தினமும் இப்படித்தான் உடுத்துகிறாளா, அல்லது நம்மைப் போன்ற பிரயாணிகளுக்காகப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாளா?' கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த வியாதி இன்னும் சற்று முற்றிய நிலையில் இருக்கும். பொய்யை மெய்போல் ஜோடிப்பது அவன் ஜீவனோபாயம். ஆகையால் பிறர் ஜோடித்த பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு அலாதியான ஆனந்தம்.

இந்த வியாதியையும் உடன் எடுத்துக்கொண்டுதான் ஸ்வீடன் தேசத்து லெக்சாண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டாக்ஹோமிலிருந்து வடமேற்கே ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். மாகாணத்தின் பெயர் தாலர்னா. பள்ளத்தாக்குகள் என்று பொருள். அதன் நடுவே சில்யான் என்று ஒரு பெரிய ஏரி. மோரா, ரெட்விக், லெக்சாண்ட் ஆகிய ஊர்கள் அதன் கரையில் இருக்கின்றன. ஏரித் தண்ணீர் மறுபடி ஆறாக வெளியேறும் தென்கோடியில் லெக்சாண்ட். சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து அந்த வட்டாரத்தில் வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 16,000 பேர்தான்.

ஏரியைப் பொறுத்தவரையில் அசலா, வேஷமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆகாயத்திலிருந்து ஒரு பெருங்கல் வந்து இங்கே மோதியது. அது உண்டாக்கிய வளையத்தின் குறுக்களவு 50 கிலோமீட்டருக்கு மேல். மேற்கு ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய வடு பூமியின்மேல் கிடையாது. அந்த வடுவின் ஓரமாகத்தான் சில்யான் இன்று சாதுவாகப் படுத்திருக்கிறது. கரையெல்லாம் பிர்ச் மரங்கள். மரங்களுக்கு நடுவே சிவப்புப் பூசிய மர வீடுகள். அந்தச் சிவப்பும் இந்த மாகாணத்துச் சரக்கே. பக்கத்து நகரமான ஃபாலுனில் பல நூற்றாண்டுகள் செம்பு தோண்டினார்கள். 1992-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சுரங்கத்தில் மிஞ்சிய மண்ணிலிருந்து செய்த சாயம் மட்டும் இன்னும் வீடுகளின்மேல் இருக்கிறது.

எனக்கு இடம் கொடுத்தவர், பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். வந்த அன்றைக்கே என் சந்தேகத்தை அவரிடம் கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் சுற்றி வெளியிட்டேன். "இந்த உடை, பிடில், பூச்சுற்றிய கம்பம் எல்லாம் இன்னும் உங்கள் வாழ்க்கையில் நிஜமாகவே இருக்கின்றனவா?"

அம்மையார் கோபித்துக்கொள்ளவில்லை. மாடிக்கு அழைத்துப்போய்ப் பழைய மரப்பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே அவருடைய பாட்டியின் உடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இது பணக்காரர்களின் அலங்காரம் இல்லை. இல்லாமையிலே பிறந்தது" என்றார்.

அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. தாலர்னாவில் தகப்பன் சொத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பிரித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியிருந்தது. பெண்ணுக்கும் பங்கு உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாடப்பட்டு, கடைசியில் ஒரு குடும்பத்துக்குச் சேர்ந்த வயல் நாடாவைப் போல மெலிந்து, நாலு மூலைகளில் சிதறிக் கிடந்தது. அதை உழுது வயிறு நிரம்பாது. ஆகவே கைவேலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கிராமத்தில் கடிகாரம், இன்னொன்றில் கூடை, வேறொன்றில் மரச் சாமான் என்று செய்து, தலைச்சுமையாகவும் முதுகுச்சுமையாகவும் தூர தேசம் போய் விற்றார்கள். கைவேலை தெரியாதவர்கள் கூலி வேலைக்காக ஸ்டாக்ஹோம் வரை நடந்தே போனார்கள். இளம்பெண்கள்கூடப் போய்த் தோட்டவேலை செய்தார்கள். துறைமுகத்தில் ஆட்களை ஏற்றிப் படகு வலித்தார்கள். சொந்த ஊர் உடையோடுதான் போனார்கள். அந்த உடையைக் கண்டாலே, 'இவள் தாலர்னாப் பெண், நாணயமானவள், உழைப்பாளி' என்று பட்டணத்தார் வேலை கொடுத்தார்கள்.

"என் பாட்டிக்கு இதுதான் சிபாரிசுக் கடிதம்" என்றார் அம்மையார், கம்பளிப் பாவாடையைத் தடவிக்கொண்டே.

அந்த உடைக்கு ஓர் இலக்கணமும் இருந்தது. சர்ச்சுக்குப் போகும் பெண் இடுப்பின் முன்பக்கம் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் என்ன நிறம் என்பது அவரவர் இஷ்டம் அல்ல. பண்டிகை ஞாயிற்றுக்கு ஒன்று, தவக்காலத்துக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று. தலையில் அணிவதைப் பார்த்தே கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்று சொல்லிவிடலாம். எந்த ஞாயிற்றுக்கு எதை உடுத்துவது என்று பஞ்சாங்கம் போலவே எழுதி வைத்திருக்கிறார்கள். சாலைகள் சரியாக இல்லாத நாட்களில் ஏரிக்கரைக் கிராமங்கள் ஒவ்வொன்றும் பொதுவில் ஒரு நீண்ட படகு வைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து ஜோடித் துடுப்புகள் சேர்ந்து விழ, கிராமமே அந்தப் படகில் ஏறி, வெங்காயம் போன்ற கோபுரமுள்ள லெக்சாண்ட் சர்ச்சுக்கு வந்து இறங்கும். படகிலிருந்து இறங்கும் பெண்களின் உடையைப் பார்த்தாலே யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம் என்று கரையில் நிற்பவர்களுக்குச் செய்தி தெரிந்துவிடும். பத்திரிகை வாங்க வேண்டிய அவசியமே இல்லை!

பெட்டியின் அடியில் சுருட்டி வைத்த ஒரு துணிச் சித்திரம் கிடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சுமார் நூறு ஆண்டு காலம் லெக்சாண்டிலும் ரெட்விக்கிலும் குடியானவர்களே இவற்றைத் தீட்டினார்கள். பண்டிகை நாட்களில் வீட்டுச் சுவரில் தொங்கவிடுவதற்காகத் துணியிலும் காகிதத்திலும் எழுதி, ஊர் ஊராக நடந்துபோய் விற்றார்கள். விஷயமெல்லாம் பைபிள் கதைகள். ஆனால் அந்த ஓவியர்கள் ஜெருசலேமைக் கண்டவர்கள் இல்லை. அதனால் அரசன் சாலமோன் ஸ்வீடன் ராணுவ அதிகாரியின் சட்டையில் வீற்றிருப்பார். மணவாளனுக்காகக் காத்திருக்கும் பத்துக் கன்னிகைகளும் உள்ளூர் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எல்லோருடைய தலைக்கு மேலும் இலையும் பூவுமாக ஒரு பிரம்மாண்டமான கொடி படர்ந்திருக்கும். அதற்கு 'குர்பிட்ஸ்' என்று பெயர்; சுரை இனத்துக் கொடி. யோனா தீர்க்கதரிசி நினிவே நகருக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு நிழல் கொடுக்கக் கடவுள் ஒரே இரவில் முளைப்பித்த செடி அது. நமது பழைய தமிழ் பைபிளில் அதை ஆமணக்கு என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அந்த நாட்டுப் பைபிள் சுரைக்கொடி என்றது. பனி நாட்டு ஓவியனுக்கு இரண்டையும் பார்த்துப் பழக்கமில்லை. எனவே தன் மனத்தில் முளைத்த கொடியை வரைந்துவிட்டான். 1931-இல், இறந்த பிறகு நோபல் பரிசு அளிக்கப்பெற்ற கவிஞர் கார்ல்ஃபெல்ட், இந்தச் சித்திரங்களையே கவிதையாக்கிப் புகழ்பெற்றவர். அவருடைய வீடும் லெக்சாண்ட் வட்டாரத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட பிறகு என் வியாதி தணிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்து அவர் சொன்ன விஷயத்தால் அது அதிகமாயிற்று.

19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இதெல்லாம் அநேகமாகச் செத்துக்கொண்டிருந்ததாம். ரயில் வந்தது; ஆலைத் துணி வந்தது. பெண்கள் பட்டணத்து உடைக்கு மாறினார்கள். சுவர்ச் சித்திரங்களுக்கு மேல் அச்சடித்த காகிதம் ஒட்டப்பட்டது. கடுமையான பக்தி இயக்கங்கள் கிராமங்களில் பரவி, பிடில் என்பது சாத்தானின் வாத்தியம் என்று போதித்தன. அந்தப் போதனையைக் கேட்டு மனம் திரும்பிய சில வாத்தியக்காரர்கள் தங்கள் பிடிலைத் தாங்களே அடுப்பில் போட்டார்கள். தன் கையால் தன் வாத்தியத்தை எரித்த மனிதனைப் பற்றி எத்தனை கதை வேண்டுமானாலும் எழுதலாம்.

அப்போது வந்து கைகொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் ஓவியர்கள். லெக்சாண்டில் குடியேறிய குஸ்தாவ் அங்கர்க்ரூனா தெற்கே பிறந்தவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கைத்தறிக்கும் கைவேலைக்கும் ஆதரவு திரட்டி, பழைய உடையை மறுபடி உடுத்தும்படி ஜனங்களைத் தூண்டினார். மோராவில் பிறந்து, உலகப் புகழ் பெற்றுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்த ஆண்டர்ஸ் சோர்ன், 1906-இல் ஏரிக்கரையில் கெசுண்டா என்ற இடத்தில் நாட்டுப்புற வாத்தியக்காரர்களுக்குப் போட்டி வைத்தார். அதுவரை ஒளிந்து கிடந்த கிழவர்கள் பிடிலோடு வெளியே வந்தார்கள். தேசம் முழுவதும் நாட்டுப்புற மெட்டுகளைத் தேடித் தொகுக்கும் வேலை 1908-இல் தொடங்கியது.

"அப்படியானால் நீங்கள் இன்று உடுத்துவதும் வாசிப்பதும் உங்கள் பாட்டி தந்ததா, அல்லது அந்த ஓவியர்கள் தந்ததா?" என்று கேட்டேன்.

அம்மையார் சித்திரத்தைச் சுருட்டிக் கட்டினார். "மூச்சு நின்றுபோன குழந்தைக்கு வெளியூர் டாக்டர் வந்து மூச்சு வரவழைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அது எங்கள் குழந்தை இல்லை என்றாகிவிடுமா? அதற்குப் பிறகு தினமும் சோறு ஊட்டியது யார் என்று கேளுங்கள், ஐயா!"

சோறு ஊட்டுவது யார் என்பதை மத்திய கோடைத் திருநாளின்போது பார்த்தேன். 1953-ஆம் ஆண்டிலிருந்து, ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமையை இதற்கு முந்திய மாலையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று சூரியன் இரவு பத்து மணி தாண்டித்தான் அஸ்தமிக்கும்; அதற்குப் பிறகும் முழு இருட்டு வராது. லெக்சாண்ட் சர்ச்சுக்குச் சற்றுத் தொலைவில், புல் முளைத்த ஒரு பெரிய பள்ளம். கிண்ணத்தின் விளிம்பில் எறும்பு மொய்ப்பது போல அதன் சரிவெங்கும் ஜனங்கள். இருபதாயிரத்துக்கு மேல் கூடுகிறார்கள். அதாவது வட்டாரத்தின் மொத்த ஜனத்தொகையைவிட அதிகம்.

பிடில்காரர்கள் வாசித்துக்கொண்டு முன்னே வர, இலைமாலைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஊர்வலம் வந்தது. பள்ளத்தின் நடுவே கிடந்த மரக்கம்பத்தின் நீளம் சுமார் 25 மீட்டர். மாலைகளைக் கட்டி முடித்ததும் ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தூக்குவதற்கு இயந்திரம் கிடையாது. நுனியில் பிணைத்த இரட்டைக் கழிகளைக் கத்தரிக்கோல் போல விரித்துக் கம்பத்துக்கு அண்டை கொடுத்து, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். ஒரு தள்ளுக்குக் கம்பம் ஒரு முழம் எழும்பும். உடனே நீளமான கழிகளை மாற்றிக் கொடுக்க வேண்டும். பிறகு இன்னொரு தள்ளு. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்று நாம் சொல்வதன் அர்த்தம் அந்தப் பள்ளத்தில் எனக்கு நன்றாக விளங்கியது.

தள்ளியவர்களில் ஒரு வாலிபனைக் கவனித்தேன். பழங்கால மஞ்சள் தோல் கால்சட்டை, நீலக் கோட்டு. கோட்டின் பித்தான் தெறித்தபோது உள்ளே தெரிந்தது, அந்த ஊர் ஐஸ் ஹாக்கிக் குழுவின் பனியன்! 1919-இல் ஆரம்பித்த லெக்சாண்டுக் குழு ஸ்வீடனில் எல்லோருக்கும் தெரிந்த குழு. என் வியாதி, 'ஆஹா, வேஷம் கலைந்தது' என்று குதூகலிக்க வேண்டிய சமயம் அதுதான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து, கன்னமெல்லாம் சிவந்து, கண் கம்பத்தின் நுனியிலேயே இருந்தது. கம்பம் பாதி சாய்வில் நிற்கிறது. இவர்களில் ஐந்தாறு பேர் கையை விட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அந்த நிமிஷத்தில் பாரம் நிஜம்; கீழே இருந்த ஆட்களின் தலையும் நிஜம். உள்ளே எந்தப் பனியன் போட்டிருந்தால் என்ன?

கம்பம் நிமிர்ந்ததும் எழுந்த ஆரவாரம் ஏரிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். பிறகு எல்லோரும் கைகோத்துச் சுற்றி ஆடினார்கள். தவளையைப் போலக் குந்திக் குதிக்கிற ஓர் ஆட்டமும் உண்டு. பாங்கு அதிகாரி போன்ற தோரணையுள்ள கனவான்கள் பேரக்குழந்தைகளோடு தவளையாகி அந்தப் பள்ளத்தைச் சுற்றி வந்தார்கள். நானும் இரண்டு சுற்றுத் தவளையானேன். முழங்கால் அதற்கு மேல் அனுமதி தரவில்லை.

இந்தப் பக்கத்தில் கிராமத்துக்கு ஒரு கம்பம் உண்டு. மற்ற ஊர்க்காரர்களும் வந்து கைகொடுக்க வசதியாக, ஒவ்வொரு கிராமமும் வேறு வேறு நாளில் தூக்கும். ஜூலை வரை இது நடந்துகொண்டேயிருக்கும். தூக்கிய கம்பம் வருஷம் முழுவதும் அப்படியே நிற்கிறது. இலைமாலை ஒரு வாரத்தில் வாடிவிடும். பனிக்காலத்தில் வெறும் சருகு தொங்கும். அடுத்த கோடையில் இறக்கி, புது மாலை கட்டி, மறுபடி முதலிலிருந்து தள்ள வேண்டும்.

ஆனால் என்னை அதிகமாகக் கலக்கியது அந்தக் கொண்டாட்டம் அல்ல. மறுநாள் இரவு அம்மையார் வீட்டில் போட்டுக் காட்டிய ஒரு பழைய சினிமாப் படம்.

ரூனே லிண்ட்ஸ்ட்ரம் என்பவர் உப்சாலா சர்வகலாசாலையில் சமயக் கல்வி பயின்றுகொண்டிருந்த வாலிபர். 1941-இல், அந்தக் குடியானவச் சித்திரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு சொர்க்கத்துக்குப் போகும் பாதையைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். மறு ஆண்டே ஆல்ஃப் ஷோபெரி அதைப் படமாக எடுத்தார். கதாநாயகனாக நடித்தவரும் லிண்ட்ஸ்ட்ரம்தான். பின்னர் லெக்சாண்டு ஜனங்களே அதைத் தங்கள் நாடகமாக்கிக்கொண்டு, கோடைகாலத்தில் திறந்தவெளியில் நடித்து வந்திருக்கிறார்கள்.

கதை இதுதான். மாட்ஸ் என்ற குடியானவ வாலிபன் மாரித் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள இருக்கிறான். ஊரில் கொள்ளைநோய் வருகிறது. மாரித்தான் சூனியக்காரி என்று குற்றம் சாட்டி, அவளை எரித்துவிடுகிறார்கள். மாட்ஸுக்கு ஊரில் நியாயம் கிடைக்கவில்லை. ஆகையால் நேரே கடவுளிடமே கேட்டுவிடுவது என்று சொர்க்கத்துக்கு நடக்கத் தொடங்குகிறான். வழியில் தீர்க்கதரிசிகளைச் சந்திக்கிறான். அவர்கள் சுவர்ச் சித்திரத்தில் இருப்பதுபோலத் தாலர்னா மனிதர்களாகவே இருக்கிறார்கள். பிசாசு அவனை மயக்குகிறது. பணமும் அதிகாரமும் வருகின்றன. எதற்காகக் கிளம்பினோம் என்பதையே மறந்து கல்நெஞ்சனாகிறான். கிழவனாகிச் சாகும் தறுவாயில்தான் கடவுளின் கருணை அவனை மாரித்திடம் சேர்க்கிறது.

இதற்கு அடியில் கிடப்பது கற்பனை அல்ல. 1668-இல் இதே மாகாணத்து எல்வ்தாலென் என்ற ஊரில், சிறுமி ஒருத்தியைச் சுற்றி எழுந்த சூனியக் குற்றச்சாட்டில் ஒரு பெரும்பீதி கிளம்பியது. 1669-இல் ஏரிக்கரை மோராவுக்கு விசாரணைக் குழு வந்தது. ப்ளோகுல்லா என்ற இடத்துக்குத் தங்களைப் பெண்கள் ராத்திரியில் தூக்கிச் சென்று சாத்தானிடம் விட்டதாகக் குழந்தைகள் சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியத்தின் பேரில் தலையை வெட்டி, உடலை எரித்தார்கள். பீதி நாடெங்கும் பரவியது. 1676-இல் ஸ்டாக்ஹோமில் சாட்சி சொன்ன குழந்தைகள், தாங்கள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அது அடங்கியது. அந்த எட்டு வருஷங்களில் மாண்டவர்கள் ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பெண்கள்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் அம்மையார் சொன்னார்: "சாட்சி சொன்ன குழந்தையும் இந்த ஏப்ரன்தான் கட்டியிருக்கும், எரிந்தவளும் இதைத்தான் கட்டியிருப்பாள். பெட்டியைத் திறந்தால் இரண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள். ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது."

எத்தனையோ ஊர்களில் பழம்பெருமை பேசக் கேட்டிருக்கிறேன். பழம்பழியையும் அதே மேடையில், அதே உடையில், விலைக்குச் சீட்டு வாங்கி வந்த விருந்தாளிகள் முன்னால் நடித்துக் காட்டிய ஊர்கள் அபூர்வம். வேஷம் கட்டுகிறவர்கள் தங்களுக்கு அழகான வேஷத்தைத்தானே கட்டிக்கொள்வார்கள்?

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம், ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் பொதுவான மலைக்காட்டு மேய்ச்சல் வழக்கத்தை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாலர்னாக் காடுகளில் அந்த வழக்கம் இன்னும் ஆங்காங்கே பிழைத்திருக்கிறது. கோடை வந்ததும் பசுக்களையும் ஆடுகளையும் காட்டுக் குடிசைகளுக்கு ஓட்டிச் சென்று, இலையுதிர் காலம் வரை அங்கேயே பால் கறந்து, பாலாடைக்கட்டி செய்வது பெண்களின் வேலை. மைல் கணக்கில் பரவி மேயும் மாடுகளை அழைக்க உச்ச ஸ்தாயியில் ஒருவகைக் கூவல் உண்டு. கேட்டால் உடல் சிலிர்க்கும், இசைத்தட்டாகவும் வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறியது கௌரவமான விஷயம், சந்தேகமில்லை. ஆனால் பசுவுக்குப் பட்டியல் படிக்கத் தெரியாது. விடியற்காலையில் யாராவது எழுந்துபோய்க் கறந்தால்தான் அதன் மடி கனம் குறையும்.

லெக்சாண்ட் ஜனங்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பழமையைக் காப்பாற்றுவது அவர்களுக்கு ஒரு வீட்டு வேலை மாதிரி. செய்து முடித்ததாகக் கணக்கே கிடையாது. அசலா, வேஷமா என்ற என் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த ஜூன் மாதத்துக்கு எத்தனை ஆள் வருவார்கள், எந்தக் கழி உளுத்துவிட்டது, புதிதாக எதை வெட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.